மறு: 'செலவு' ஒன்று போதுமா? காஸ்ட், எக்ஸ்பென்ஸ், எக்ஸ்பெண்டிச்சர்

> இந்த மூன்று ஆங்கிலக் கணக்குச் சொற்களுக்கும் தமிழில் 'செலவு' என்றே போட்டுவிடலாமே. இடம் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டார்களா?

அன்புடையீர்,

பேச்சில் சரி, கணக்கில் இடிக்கும். ஓர் அச்சகம் 5 லட்சத்துக்கு இயந்திரம் வாங்குகிறது. 5 ஆண்டு உழைக்கும், அப்புறம் எடைக்குப் போடவும் தேறாது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே கையைவிட்டுப் போன 5 லட்சம் எக்ஸ்பெண்டிச்சர். ஆண்டுதோறும் தேய்மானமாக இலாப நட்டக் கணக்கில் ஏறும் 1 லட்சம் எக்ஸ்பென்ஸ். அதில் ஒரு பங்கோடு தாள், மை, கூலி எல்லாம் சேர்ந்து ஒரு புத்தகத்தின் தலையில் விழுவது காஸ்ட். "முதல் ஆண்டுச் செலவு எவ்வளவு?" என்று கேட்டால் 5 என்பதா, 1 என்பதா? நான் மொழிபெயர்த்த ஓர் அறிக்கையில் இரண்டு பக்கத்தில் இரண்டு விடை வந்து, மெய்ப்புப் பார்த்தவர் பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்.

'செல்' என்பதிலிருந்து வந்தது செலவு. சங்கப் பாடலில் செலவு என்றால் பயணம். தலைவன் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவது செலவழுங்கல். காசு கிளம்பிப் போகும் எக்ஸ்பெண்டிச்சருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. தேய்மானத்தில் எந்தக் காசும் எங்கும் போவதில்லை. எப்போதோ போனது இப்போது கணக்கில் ஏறுகிறது. கணக்கில் பற்று (டெபிட்) வைக்கப்படுவதால் எக்ஸ்பென்ஸுக்குப் 'பற்றுச்செலவு' என்று முன்மொழிகிறேன்.

காஸ்ட்டுக்குப் புதுச்சொல் வேண்டாம். "அடக்கத்துக்கே கட்டுப்படியாகாது" என்று வியாபாரிகள் சொல்லும் 'அடக்கம்' போதும். பாடநூலின் 'அடக்கவிலை'யில் விலை ஒட்டிக்கொண்டு விற்பனை விலையோடு குழப்புகிறது, உதிர்த்துவிடலாம். இலங்கையில் காஸ்ட்டுக்குக் 'கிரயம்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் என்றால் விற்பனைப் பத்திரம், அதனால் இங்கே அது விலைப் பக்கம் சாய்ந்துவிடும். என் ஓட்டு அடக்கத்துக்கு. 'மூலதன அடக்கம்' மட்டும் மூலதனத்துக்கு மாலை போட்டு வழியனுப்புவதுபோல் இருக்கிறது, என்ன செய்ய!

---

> எக்ஸ்பென்ஸுக்குப் 'பற்றுச்செலவு'

ஐயா, இது நிற்காது. இயந்திரத்துக்குக் கொடுத்த 5 லட்சத்தையும் சொத்துக் கணக்கில் பற்றுதானே வைக்கிறோம்? பயன் தீர்ந்த பங்குதான் எக்ஸ்பென்ஸ். 12 மாதக் காப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே கட்டியிருக்கிறோம், 3 மாதம் ஓடியிருக்கிறது என்றால் கால் பங்குதான் எக்ஸ்பென்ஸ். மீதி இன்னும் சொத்து. 'தீர்செலவு' எப்படி? வினைத்தொகை, தீர்ந்தது, தீர்வது, தீரப்போவது மூன்றையும் தாங்கும்.

---

பற்றுச்செலவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சொத்துக் கணக்கை மறந்தது என் பிழை.

தீர்செலவை ஒரு பழைய இலாப நட்டக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். தலைப்பில் 'தீர்செலவுகள்' கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் கீழே வாடகை, கூலி, தேய்மானம் என்று வெறுமனே எழுதினால் போதும். 'வாடகைத் தீர்செலவு' என்றெல்லாம் எழுதக் கை வரவில்லை.

ஆபர்ச்சூனிட்டி காஸ்ட் பாக்கி இருக்கிறது. அதில் காசு செல்லவும் இல்லை, எதுவும் தீரவும் இல்லை. கைவிட்ட வாய்ப்புகளில் சிறந்ததன் மதிப்பு, அவ்வளவுதான். நம் கணக்குப்படி அதற்குப் புழங்கும் 'வாய்ப்புச் செலவு' தவறு, 'அமையச் செலவு'ம் தவறு. 'வாய்ப்பிழப்பு' என்று தனி இழை தொடங்குகிறேன், அங்கே வந்து திட்டுங்கள்.