மீடியன் சம்பளம்: யாருடைய சம்பளம்?

கொடிவேரி அப்பா: "மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப்-க்குக் கொடுத்த படிவம் கல்லூரி இணையதளத்திலேயே கிடக்கிறது, படிக்காமல் ஏமாறும் பெற்றோருக்காக அழ வேண்டாம்" என்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். ஐயா, படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். அதிலுள்ள மீடியன் சம்பளம், அதாவது வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவனின் சம்பளம், வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. கிடைக்காதவன் எங்கே போனான்?

பழைய வாத்தியார்: அந்த மேதாவி நான்தான். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் முடித்தார்கள், வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனார்கள், எல்லாம் அதே வரிசையில் இருக்கிறது. கழித்தல் தெரிந்தால் போதும். சம்பளத்தை எழுத்தாலும் எழுதியிருப்பார்கள். இன்னும் என்ன, வீட்டுக்கு வந்து படித்துக் காட்டவா?

கொடிவேரி அப்பா: எழுத்தால் எழுதினால் உண்மையாகிவிடுமா? நான் கேட்டது மீடியன்.

கிண்டி 2014: பேருந்தின் முதுகில் "100 சதவீத பிளேஸ்மென்ட்" என்று போடுகிறார்களே, அதற்கு இது எவ்வளவோ மேல். அங்கே அரியர் வைத்தவன் "தகுதியுள்ளோர்" பட்டியலிலேயே வர மாட்டான். மீடியனை ஒரே ஒருத்தனின் 40 லட்சம் தூக்கிவிடாது.

கொடிவேரி அப்பா: 120 பேரில் 10 பேருக்கு மட்டும் வேலை, ஆளுக்கு 8 லட்சம் என்று வையுங்கள். மீடியன் 8 லட்சம்! மிச்சம் 110 பேர்?

பழைய வாத்தியார்: அந்த 10 பக்கத்துக் கட்டத்திலேயே இருக்குமே, சாமி!

மலர்விழி: மகளுக்கு கட் ஆஃப் 171. இசிஇ எடுக்கலாமா? யாராவது சொல்லுங்கள்.

கொடிவேரி அப்பா: அந்தப் 10-ஐ யார் சரிபார்த்தது? கொடுப்பது கல்லூரி. சரிபார்க்காமல் வாங்கிக்கொள்கிறார்கள் என்ற வழக்கில்தான் 2025 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தரவரிசைப் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை போட்டது.

பழைய வாத்தியார்: அதே வருடம் செப்டம்பரில் பட்டியல் வந்துவிட்டது, அதையும் சொல்லுங்கள். பாதிச் செய்தி போடுவது உங்களுக்குப் புதிதா? டீம்ட் (நிகர்நிலைப் பல்கலைக்கழக) விவாதத்திலும் இதே வேலைதானே!

கொடிவேரி அப்பா: அன்றைக்குப் பாதியில் ஓடியது யார்? அட்மிஷன் மாதத்தில் மட்டும் தவறாமல் வருகிறீர்கள். ஒரு சீட்டுக்கு எவ்வளவு?

பழைய வாத்தியார்: 31 வருடம் வகுப்பெடுத்தவனை ஏஜென்ட் என்கிறீர்களா?

கிண்டி 2014: எந்தக் கல்லூரி என்று மட்டும் சொல்லவே மாட்டார்.

பழைய வாத்தியார்: நீ உன் அரியரை முடித்தாயா, தம்பி?

கொடிவேரி அப்பா: பேச்சை மாற்றாதீர்கள். மீடியனில் அந்த 110 பேர் இருக்கிறார்களா, இல்லையா?