புதுப்பிப்பு: காரணம் தெரியாமல் முடி நடலாமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உச்சியில் முடி கொட்டுகிறது, காரணம் தெரியவில்லை, நேரே முடி நட்டுக்கொள்ளலாமா என்று கும்பகோணத்திலிருந்து கேட்டிருந்தேன். "முதலில் தோல் டாக்டரிடம் டெர்மாஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பாருங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

தஞ்சாவூரில் காட்டினேன். முடிக்காலைச் சுற்றி வெள்ளைச் செதில், நடுநடுவே துவாரமே இல்லாத வழவழப்பான தோல். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் லைக்கன் பிளானோபிலாரிஸ் என்று உறுதியானது. வேர்க்காலை அழித்துத் தழும்பாக்கும் அழற்சி இது. அடங்காமல் நட்டால், நட்டதும் போய்விடலாம். அடங்கி ஓரிரு வருடமாவது அப்படியே இருந்தால்தான் நடுவதைப் பற்றிப் பேச்சே.

எதிர்பாராத விஷயம், உச்சியில் இருந்த அரிப்பும் எரிச்சலும். போர் தண்ணீர் உப்புதான் காரணம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் அந்த அரிப்பும் எரிச்சலும் இந்த நோயின் அறிகுறிதானாம். அரிப்போடு கொட்டினால், முடி நட முன்பணம் கட்டுமுன் டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள்.

இப்போது ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். எரிச்சல் குறைந்திருக்கிறது. தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைக்காது. இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சிகிச்சை.