ஆசிரியை சம்பளத்தை மானிய விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது?

வணக்கம். மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் சின்னத் தொண்டு நிறுவனம் எங்களுடையது. பதிவு செய்து 4 வருடம் ஆகிறது. 38 பிள்ளைகள், ஒரே ஒரு முழுநேர ஆசிரியை.

வட்டார சமூக அறக்கட்டளை ஒன்றிடம் இரண்டு முறை மானியம் கேட்டோம். இரண்டு முறையும் அதே பதில்: திட்டச் செலவுக்குத்தான் நிதி, நிர்வாகச் செலவுக்கு இல்லை. ஆசிரியையின் சம்பளத்தைத்தான் நிர்வாகச் செலவு என்கிறார்கள். புத்தகம் வாங்கப் பணம் உண்டு, சரி, அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

முதல் தடவை சம்பளத்தைத் தனி வரியாகவே போட்டோம். அடுத்த தடவை பொதுச் செலவில் சேர்த்தோம், அந்தச் செலவுக்கு அவர்கள் வைத்த 10 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது. பணம் எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்று நன்கொடையாளரே பரிந்துரைக்கும் நிதியும் அங்கே இருக்கிறது, ஆனால் அதற்கு நாம் விண்ணப்பிக்க முடியாதாம். அப்புறம் பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரில் விண்ணப்பிக்கலாமா என்று விசாரித்தோம். அவர்கள் எடுத்துக்கொள்ளும் கட்டணம் போக மிஞ்சுவது சம்பளத்துக்கே பற்றாது. 3 வருடத் தணிக்கைக் கணக்கு கையில் இருக்கிறது, அதில் யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த கெடுவுக்கு 3 வாரம்தான் இருக்கிறது. ஆசிரியை தினமும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைக்கிறார்: "பெருக்கல், 7 பேர், 5.10 முதல் 5.50." இந்த நேரக் கணக்கை வைத்துச் சம்பளத்தைத் திட்டச் செலவாகப் பிரித்துக் காட்டலாம் என்று நினைக்கிறோம்.

இப்படிக் காட்டி மானியம் வாங்கியவர்கள் இருந்தால், பட்ஜெட் விளக்கத்தில் அந்த வரியை எப்படி எழுதினீர்கள்?