என்எஃப்டேபிள்ஸ்ல (லினக்ஸ் ஃபயர்வால்) ஒரே செட்ட ரெண்டு டேபிள்ல எடுக்க மாட்டேங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் நமக்கு காய்கறி மண்டிங்க, பில்லிங் கம்ப்யூட்டர் நாலு, கேமரா ஆறு, எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பழைய பிசில டெபியன் 12 போட்டு என்எஃப்டேபிள்ஸ் ஓடுது. கேமரா கூட்டும்போதெல்லாம் பத்து ரூல்ல ஐபி மாத்தி மாத்தி கண்ணு பூத்துப்போச்சு, அதான் போன ஞாயித்துக்கெழம உக்காந்து ஐபிக்கு ஒரு செட் (பேர் வச்ச லிஸ்ட்), போர்ட்டுக்கு ஒரு செட்டுனு பண்ணேன்.

மொதல்ல 192.168.10.0/24னு மொத்த ரேஞ்ச குடுத்தா ஏத்துக்கல, ஃபிளாக்ஸ் இன்டர்வல் சேத்ததும் சரியாச்சு. போர்ட் செட்ல 80, 554 ஓகே. இனெட் ஃபில்டர் டேபிள்ல (ட்ராஃபிக்க விடுற, தடுக்குற ரூல் தொகுப்பு) எல்லாம் ஜம்முனு ஓடுது, ஆனா ஐபி நேட் டேபிள்ல (அட்ரஸ் மாத்துற ரூல் தொகுப்பு) அதே பேர @ போட்டு எழுதுனா 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'ங்குது. நான் எந்த ஃபைலுங்க கேட்டேன், ஒரு மணி நேரம் ஃபோல்டர தேடுனது தனிக்கத.

ஸ்பெல்லிங் பாத்தாச்சு, செட்ட மேல ஏத்திப் பாத்தாச்சு, ரீபூட்டும் பண்ணியாச்சு. ரெண்டு டேபிள்லயும் காப்பி பண்ணா ஓடுது, ஆனா ரெண்டு எடத்துல மாத்தணும், பழைய பொழப்பே. செட்டுக்குப் பதிலா டிஃபைன்னு ஃபைல்ல வேரியபிள் போட்டாலும் ஓடுது, ஆனா ஐபி ஒண்ணு சேக்க முழுசா ரீலோட் பண்ண வேண்டியிருக்கு.

நேட் செயினையும் (ரூல் வரிசை) அதே இனெட் டேபிளுக்குள்ள கொண்டாந்துட்டா ஒரு செட்டே போதுமாங்க, இல்ல வேற வழி இருக்கா?