பாப்பா கைக்குச் சிறுத்தையின் பாதம்

ஹட்டன் சித்தி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆறாம் நம்பர் மலைப் பக்கம் திரும்பவும் சிறுத்தை வந்திருக்கிறது. லயத்து வீடுகள் முழுக்க அதே பேச்சு. பாப்பா மட்டும் "அது எப்படி இருக்கும்?" என்று விடாமல் கேட்கிறாள். சிறுத்தைப் பொம்மை கொடுத்தேன். யானைப் பொம்மையும் அதே அளவு, அதனால் இரண்டும் ஒரே உயரமா என்கிறாள்.

டீச்சர் அக்கா: கண் தெரியாத பிள்ளைக்கு அளவு கையில் படவேண்டும் சித்தி. ஒரு கயிறு எடுங்கள். நம் இலங்கை ஆண் சிறுத்தைக்கு உடம்பு சுமார் 4 அடி, வால் கிட்டத்தட்ட 3 அடி. உடம்பு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் முடிச்சுப் போட்டு, சுவரோரம் கட்டிவிடுங்கள். அவளே தடவிக்கொண்டு நடக்கட்டும்.

பெரியப்பா: டவுனில் ஒருவர் சிறுத்தைப் பல் தருவதாகச் சொன்னார். பிள்ளைக்காக வாங்கவா?

டீச்சர் அக்கா: வேண்டவே வேண்டாம் பெரியப்பா! பல், நகம், தோல் எதுவும் வைத்திருக்கக் கூடாது, 1937ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தக் காசு கம்பிக் கண்ணி வைப்பவனுக்குத்தான் போகும். தோட்டங்களில் எத்தனை சிறுத்தை அதில் மாட்டிச் செத்திருக்கிறது.

மாமா: 📷 படம்
ரோட்டோரம் ஈர மண்ணில் தடம். நாயாக இருக்குமோ?

டீச்சர் அக்கா: நகம் பதியவில்லை, உள்ளங்கால் பதிவின் பின்விளிம்பில் மூன்று வளைவு தெரிகிறது. சிறுத்தைதான் மாமா! நாய்க்கு நகக்கோடு விழும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
இதை அச்செடுக்கலாம். ஹார்ட்வெயார் கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கேளுங்கள். தடத்தைச் சுற்றி அட்டையை வளைத்து நிறுத்தி, தோசை மாவுப் பதத்தில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். அரை மணி நேரம் தொடக்கூடாது. வெயில் ஏறிய பிறகு, இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

சித்தி: குழிதானே வரும்?

டீச்சர் அக்கா: இல்லை சித்தி, குழிக்குள் ஊற்றுவதால் மேடாக வரும். அவள் தொடுவது பாதத்தின் அடிப்பக்கத்தையே தொட்ட மாதிரி. நாய்த் தடத்தையும் ஒன்று எடுங்கள், பக்கத்தில் வைத்தால் நக வித்தியாசத்தை அவளே கண்டுபிடிப்பாள்.

மாமா: 📷 படம்
காய்ந்துவிட்டது. கழுவிக் கொடுத்தேன். விரலை எண்ணினாள், நான்கு. அப்புறம் நம் பூனையைப் பிடித்து அதன் காலையும் தடவினாள்.

சித்தி: சாப்பிடக்கூட வரமாட்டேன் என்கிறாள் 😊 முன்காலும் பின்காலும் ஒரே மாதிரியா என்று கேட்கிறாள் டீச்சர்.

டீச்சர் அக்கா: முன்கால் கொஞ்சம் அகலம். மாமா, அங்கே வேறு தடம் இருக்கிறதா பாருங்கள்.

மாமா: இருக்கிறது. மழைக்கு முன் போகிறேன்.