எலும்பில் நட்டும் குதிரையும்: செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

கோவையிலிருந்து

நான் கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் கடையும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். என் கிதாரின் கழுத்து நுனியில் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் ‘நட்’ என்னும் பிளாஸ்டிக் துண்டு, மூன்றாம் கம்பியின் பள்ளத்தில் தேய்ந்து பிளந்துபோய், சுருதி கூட்டும்போதெல்லாம் கம்பி ‘டிக்’ என்று துள்ளியதால், எலும்பில் ஒன்றை நானே செய்துவிடலாம் என்று சென்ற ஆண்டு இறங்கினேன். நூறில் ஒரு மில்லிமீட்டருக்குக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இது ஒரு வேலையா என்ற நினைப்பும் இருந்தது. மூன்று துண்டுகள் வீணான பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

உக்கடம் பக்கம் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் எருமைக் கால் எலும்பு கேட்டேன். “சூப்புக்குங்களா?” என்றார். கிதாருக்கு என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மூட்டுப் பக்கம் பஞ்சாட்ட இருக்குமுங்க, நடுத்தண்டுதான் கல்லாட்ட இருக்கும்” என்று சொல்லி நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அதுவே சிறந்தது.

வீட்டு அடுப்பைத் தொட அம்மா விடவில்லை. ஆகவே கொல்லையில் கல் கூட்டி, தேங்காய் மட்டையை எரித்து வேகவைத்தேன். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று சலவைச் சோடாவைப் போட்டு அரைநாள் கொதிக்கவிட்டது என் முதல் தவறு. அறுத்தபோது எலும்பு சுண்ணாம்புக் கட்டியைப் போல உதிர்ந்தது. எலும்பின் உறுதி சுண்ணச்சத்தில் மட்டும் இல்லை, அதைப் பிணைத்து நிற்கும் கொலாஜன் என்னும் புரதத்திலும் இருக்கிறது. நெடுநேரம் கொதித்தால் அந்தப் புரதம் கரைந்து வெளியேறிவிடும். தச்சர்கள் முன்பு காய்ச்சிய வஜ்ஜிரப் பசை இப்படிக் கரைந்து வருவதுதான். அடுத்த முறை மஜ்ஜையைச் சுரண்டியெடுத்து, கொதி வராத சூட்டில் சிறிது நேரமே வைத்து, துண்டுகளாக அறுத்த பின் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு வாரம் ஊறவிட்டேன். கொழுப்பு மீந்துவிட்டால் பிற்பாடு மஞ்சள் திட்டாகக் கசியும். காயவைத்த துண்டுகளில் ஒன்றைத் தெருநாய் கவ்விக்கொண்டு போனதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அறுக்கும்போது முடி பொசுங்கும் நாற்றம் வரும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது என்பதால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, உப்புத்தாளை நனைத்தே தேய்த்தேன். நீளம் 43 மில்லிமீட்டர், தடிமன் 6 மில்லிமீட்டர் என்று உருவம் கொண்டுவருவது ஒரு மாலை வேலை. ஆறு பள்ளங்கள்தான் ஒரு மாதத்தை விழுங்கின. என் கம்பிகளில் மெல்லியது 0.30 மில்லிமீட்டர், தடித்தது 1.35 மில்லிமீட்டர். அதற்கென்று விற்கும் அரங்களின் விலை கட்டுப்படியாகாததால், கேஸ் வெல்டிங் டார்ச்சின் முனையைச் சுத்தம் செய்யும் கம்பி அரங்களைத் தடிமன் வாரியாகப் பயன்படுத்தினேன்; அவை நன்றாகவே அறுத்தன.

இரண்டாவது நட்டைப் பொருத்தியதும் முதல் இரண்டு கம்பிகள் சிதாரைப் போல முனகின. ஆழம் போதவில்லை என்று நினைத்து மேலும் அறுத்து, அதையும் கெடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான், பள்ளத்தின் அடி மட்டமாக இருந்ததால் கம்பி முன்விளிம்பில் ஊன்றாமல் பள்ளத்தின் நீளம் முழுவதும் உரசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதன் பிறகு அரத்தை, கம்பியை முறுக்கும் பிருடைப் பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஃபிரெட் என்னும் உலோகப் பட்டைகள் பதித்த பலகையை ஒட்டிய விளிம்பே உயரமாக நிற்கும்படி அறுத்தேன். மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தினால், முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். நான்காவது நட்டில் ஒரு பள்ளம் மட்டும் ஆழமாகிவிட்டது. அதில் எலும்புத் தூளை நிரப்பி ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு மறுபடி அறுத்தேன், எட்டு மாதமாக நிற்கிறது.

ஈரோட்டிலிருந்து

கோவை நண்பர் குற்றம் என்று சொன்ன அதே உரசல்தான் தம்புராவில் குணம் என்பதால் இதை எழுதுகிறேன். தம்புராவில் கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேற்பரப்பு மிக மெல்லிய வளைவு கொண்டது. கம்பி அதன்மேல் படிந்தும் படியாமலும் அதிரும்போது, கம்பிக்கு அடியில் வைத்த நூலைச் சிறிது நகர்த்தினால் ஜீவா என்னும் ரீங்காரம் பிடிக்கும்.

எங்கள் வீட்டுத் தம்புராவின் குதிரை தேய்ந்துபோனபோது, பழுதுபார்ப்பவர் ஒருவர் மான்கொம்பில் போட்டுத் தருவதாகச் சொன்னார். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான்கொம்பு வாங்குவதும் விற்பதும் குற்றமாகும். மறுத்துவிட்டு நானே மாட்டெலும்பில் இறங்கினேன். தேவையான அகலத்தில் தட்டையான எலும்பு கிடைக்காததால் இரண்டு பட்டைகளை இணைத்து, பழைய ஈட்டிமரக் குதிரையின்மேல் ஒட்டினேன். தேய்ப்பது எளிது, நிறுத்துவதுதான் கடினம். ஒரு நாள் மீட்டி, கம்பியைத் தளர்த்திச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால், எலும்பில் கம்பி பளபளப்பான கோடு போட்டிருக்கும். கோடு அறுந்து அறுந்து இருந்த இடத்தை 800 எண் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து, மறுபடி மீட்டினேன். பஞ்சமக் கம்பி மூன்றாம் நாளே பேசிவிட்டது. கீழ்ச்சுருதியான மந்திர சட்ஜக் கம்பி மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. வளைவை அங்கே நான் கூட்டிவிட்டதுதான் காரணம். குதிரை முழுவதையும் ஒரு மயிரிழை இறக்கிய பிறகே அது ஒலித்தது.

பொள்ளாச்சியிலிருந்து

எலும்பைக் காய்ச்சும் துணிவு எனக்கு இல்லாததால் அறுத்துவைத்த துண்டாக வாங்கி, கிதாரின் குதிரையான பிரிட்ஜில் நின்று கம்பிகளைத் தாங்கும் ‘சாடில்’ என்னும் பட்டையை மட்டும் செய்தேன். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பி அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, அடிப்பக்கத்தைத் தேய்த்தேன். கையில் பிடித்துத் தேய்த்ததால் ஓரங்கள் உருண்டுவிட்டன. ஸ்பீக்கரில் இணைத்தபோது, சாடிலுக்கு அடியில் இருந்து அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் மீது சரியாக அழுந்தாத ஆறாவது கம்பி மட்டும் பக்கத்து வீட்டில் வாசிப்பதைப் போலக் கேட்டது. ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, சாடிலை ஒரு மரக்கட்டையோடு சேர்த்துப் பிடித்து மட்டமாகத் தேய்த்ததும் ஆறு கம்பிகளும் ஒரே அளவில் ஒலித்தன. ஆனால் அதற்குள் உயரம் குறைந்துவிட்டதால், இரண்டாவது துண்டு வாங்கி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.