மெய்யெழுத்து ஃபோல்டர் விண்டோஸில் மட்டும் இறங்க மறுக்கிறது

ஒலிப்பெட்டி:
மெய்யெழுத்துகளின் உச்சரிப்பைப் பதிவு செய்து வருகிறேன். 18 எழுத்து, 20 குரல், ஆக 360 வேவ் ஃபைல். வேலை முழுக்க உபுண்டு லினக்ஸில். உயிருக்கு ஒரு ஃபோல்டர், மெய்க்கு ஒன்று. கான்சொனன்ட் என்பதைச் சுருக்கி மெய் ஃபோல்டருக்கு சி-ஓ-என் என்று பெயர் வைத்தேன்.

நேற்று தோழி தன் விண்டோஸ் லேப்டாப்பில் கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்து பகிரும் மென்பொருள்) வழியாக எடுத்தாள். குளோன் ஆனது, அதாவது பிரதி இறங்கியது; செக்அவுட் ஆகவில்லை, ஃபைல்கள் ஃபோல்டரில் வந்து விழவில்லை. 'இன்வேலிட் பாத்' என்கிறது. சரி, கையாலேயே ஃபோல்டர் போடு என்றேன். அதற்கும் 'டிவைஸ் பெயர் செல்லாது' என்று வருகிறதாம். நான் கேட்டது ஃபோல்டர், டிவைஸ் எங்கிருந்து வந்தது?

வெண்டைக்காய்:
அது விண்டோஸில் ஒதுக்கப்பட்ட பெயர். உபுண்டுவிலேயே கிட் மூவ் போட்டு வேறு பெயர் வைத்து, மாற்றத்தைப் பதிவு (கமிட்) செய்யுங்கள். முடிந்தது.

டாஸ்காலத்து ஆள்:
இன்னும் முடியவில்லை, ஆனால் முதலில் அந்த டிவைஸ் கதை. நீங்கள் வைத்த சி-ஓ-என், அதாவது கான், என்றால் கன்சோல்: கீபோர்டும் திரையும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் எடிட்டர் திறக்கச் சோம்பல்பட்டு 'காப்பி கான்' என்று அடித்து, பக்கத்தில் ஃபைல் பெயர் கொடுத்து, நேராக டைப் செய்வோம். முடிந்ததும் கன்ட்ரோல் இசட். கீபோர்டையே ஒரு ஃபைலாகப் பாவிக்கிற வித்தை அது. நடுவில் தப்பாக அடித்தால் முந்தைய வரிக்குத் திரும்ப முடியாது, மறுபடி முதலிலிருந்துதான்.

இந்தப் பழக்கம் சிபி/எம் என்ற இன்னும் பழைய இயங்குதளத்திலிருந்து டாஸுக்கு வந்தது. 1981இல் வந்த முதல் எம்எஸ்-டாஸில் ஃபோல்டரே கிடையாது. எல்லா ஃபைலும் ஒரே இடத்தில், நடுவில் இந்த டிவைஸ் பெயர்களும். 1983இல் 2.0 வந்தபோது ஃபோல்டர் வந்தது. பழைய நிரல்கள் உடையக்கூடாதே, அதனால் எந்த ஃபோல்டருக்குள் போனாலும் இந்தப் பெயர்கள் அங்கே இருப்பதாகவே வைத்துவிட்டார்கள். அந்த ஒட்டு இன்னும் உரியவில்லை. பிஆர்என், ஏயுஎக்ஸ், என்யுஎல், காம்1 முதல் காம்9, எல்பிடி1 முதல் எல்பிடி9 எல்லாம் இதே ஜாதி. பின்னால் டிஎக்ஸ்டி சேர்த்தாலும் தவிர்க்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட் ஆவணம். லினக்ஸின் மையநிரலான கெர்னலிலேயே ஏயுஎக்ஸ்.சி என்று ஒரு மூலநிரல் ஃபைல் உண்டு, ஆக நீங்கள் தனி ஆள் இல்லை.

பாதையின் முன்னால் \\?\ போட்டு விண்டோஸை ஏமாற்றலாம். தவறி உருவான ஃபைலை அழிக்க மட்டும் அது போதும். அதை நம்பி வேலை செய்யாதீர்கள்.

இப்போது என் கேள்வி. ணகரத்தையும் னகரத்தையும் ஃபைல் பெயரில் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

ஒலிப்பெட்டி:
ஃபோல்டரை எம்-இ-ஐ என்று மாற்றினேன், இறங்கிவிட்டது! ணகரத்துக்குப் பெரிய என், னகரத்துக்குச் சின்ன என். ள-ல, ற-ர எல்லாம் அப்படியே. தட்டச்சுப் பழக்கம்தான்.

டாஸ்காலத்து ஆள்:
பயந்தது சரிதான். தோழியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி:
300. அண்ணா, அறுபது எங்கே போயிற்று?

டாஸ்காலத்து ஆள்:
மூன்று ஜோடி, இருபது குரல். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகத்தான் பார்க்கும். ஜோடியில் ஒன்றுதான் தங்கும். குளோன் ஆகும்போது பாதைகள் மோதுகின்றன என்று கிட் எச்சரித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. கான் பரவாயில்லை, வாசலிலேயே கத்திவிட்டது. இது சத்தமே இல்லாமல் ணகரத்தைத் தின்றுவிடும். நல்லவேளை, ரெப்போவில், அதாவது கிட்டின் சேமிப்பில், எல்லாம் பத்திரமாக இருக்கிறது. மேக்கிலும் வழக்கமான அமைப்பில் இதே கதைதான்.

ஒலிப்பெட்டி:
பேசாமல் தமிழிலேயே பெயர் வைத்துவிடவா? ண, ன என்று நேராக.

மேக்மாமி:
மெய்க்கு ஒத்துவரும். நாளைக்கு 'கோ' பதிவு செய்வீர்களே, அப்போது பாருங்கள். ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக்கின் ஃபைல் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் வைக்கும். கண்ணுக்கு இரண்டும் 'கோ', யூனிகோடைப் பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒன்று 6 பைட், மற்றது 9 பைட். என் பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்கு அனுப்பிய ஃபைலைப் பைத்தான் நிரல் 'இல்லை' என்றது. அரை நாள் முறைத்துக்கொண்டிருந்தேன், ஃபைல் எதிரிலேயே இருந்தது. தமிழ்ப் பெயர்தான் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் என்எஃப்சிக்கு, அதாவது ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு, மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். நீளமும் கவனம்: லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று போய்விடும்.

ஒலிப்பெட்டி:
வேண்டாம் மாமி. எல்லாம் சின்ன எழுத்து, ந என்1, ண என்2, ன என்3, மற்ற ஜோடிகளும் அதே மாதிரி. எந்த எண் எந்த எழுத்து என்று தனி ஃபைலில் எழுதிவைத்துவிட்டேன். தோழி மறுபடி எடுத்தாள்: 360.